வாக்கிங் மட்டும் போதுமா பெருசு?

முன்டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. 36 வருஷம் பேங்க்ல குப்பை கொட்டிட்டு (முதல் பாதி லெட்ஜர், மீதிப் பாதி கம்ப்யூட்டர்), 60 வயசுல மாலை மரியாதையோட வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆசாமி. வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு. உங்க டாக்டர் "பண்ணாதீங்க"ன்னு சொன்ன ஒண்ணை நான் "பண்ணுங்க"ன்னு சொல்லியிருந்தா, தயவு பண்ணி டாக்டர் பேச்சைக் கேளுங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ரிட்டயர் ஆன யாரையாச்சும் ரோட்ல நிறுத்தி, "உடம்பெல்லாம் எப்படிங்க இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "அதுக்கென்னங்க, டெய்லி வாக்கிங் போறனே!" சொல்லும்போதே முகத்துல ஒரு திருப்தி. வீட்டு வரி கட்டி ரசீது வாங்கினவன் முகத்துல வருமே, அது மாதிரி. உடம்புக்குக் கட்ட வேண்டியதைக் கட்டியாச்சு, இனிமே யாரும் நோட்டீஸ் அனுப்ப முடியாது.

நான் அனுப்பப் போறேன் :-)

வாக்கிங் நல்லது. அதுல எந்தச் சந்தேகமும் இல்லை. இந்தப் பதிவைப் படிச்சுட்டு யாராச்சும் நாளைக்குக் காலையில போர்வையை இழுத்து மூடிக்கிட்டுத் தூங்கினா அந்தப் பாவம் என்னைச் சேராது. என் கட்சி என்னன்னா, அறுபதுக்கு மேல வாக்கிங் மட்டும் போதாது. நம்ம ஆளுங்க ஓய்வுக் காலத்துல தொலைச்சுக்கிட்டு இருக்கறது நடையை இல்லை, தரையை. தரையில உக்கார்றதையும், அங்கிருந்து யார் கையையும் பிடிக்காம எழுந்திருக்கறதையும். அது ஒண்ணு போச்சுன்னா அது பின்னாலயே மத்ததெல்லாம் கிளம்பிடுது.

எங்க ஊர் ரேஸ்கோர்ஸ் பக்கம் காலையில ஆறு மணிக்கு வந்து பாருங்க. கோயமுத்தூர்க்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம், வெளியூர்க்காரங்களுக்காக: சுத்தி வந்தா சுமார் இரண்டரை கிலோமீட்டர், மர நிழல், நல்ல நடைபாதை. ரிட்டயர்டு ஜட்ஜ், ரிட்டயர்டு மில் மேனேஜர், ரிட்டயர்டு வாத்தியார்னு ஓய்வூதியர் சங்க மாநாடு மாதிரி இருக்கும். கார்ல வந்து இறங்கி, நடந்துட்டு, மறுபடி கார்ல ஏறிப் போவோம். (வீட்டுல இருந்து நடந்தே வரலாமேன்னு கேட்கறீங்களா? எங்க தெருவுல நடைபாதைங்கறது டிரான்ஸ்பார்மருக்கும் பைக்குக்கும் பட்டா போட்டுக் கொடுத்த இடம். அதுல நடந்தா கால் உடையும். அது தனிப் பதிவுக்கான மேட்டர்.) ரெண்டு ரவுண்டு முடிச்சுட்டு பெஞ்சுல உக்காருவோம். அங்கதான் கவனிக்கணும். எழுந்திருக்கும்போது ஒவ்வொருத்தரும் ரெண்டு கையையும் தொடை மேல ஊன்றி, "அப்பா முருகா"ன்னு ஒரு சத்தம் கொடுத்து, முன்னாடி ஒரு தள்ளாட்டம் தள்ளாடித்தான் நிக்கறாங்க. அஞ்சு கிலோமீட்டர் அசால்ட்டா நடந்த மனுஷங்க. ஒன்றரை அடி உயர பெஞ்சுல இருந்து எழுந்திருக்க முருகனைக் கூப்பிட வேண்டியிருக்கு!

எங்க அத்தை வீட்டு மாமா ஒருத்தர். ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். 71 வயசு. மழை வந்தாலும் குடை பிடிச்சுக்கிட்டு நடக்கற ஜாதி. சுகர் கிடையாது, பிரஷருக்கு ஒரே ஒரு மாத்திரை. அத்தை பொள்ளாச்சியில ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப, பின்கட்டுல துணி எடுக்கப் போனவர் வழுக்கி உக்காந்துட்டார். பகல் பதினொரு மணி. எலும்பு முறியலை. தலையில அடி இல்லை. ஆனா அவரால எழுந்திருக்க முடியலை. ஃபோன் ஹால்ல சார்ஜர்ல. காம்பவுண்ட் சுவர் உசரம், கூப்பிட்டா அடுத்த வீட்டு டிவி சத்தத்துல காதுல விழாது. ரெண்டரை மணிக்கு அத்தை வந்து பார்த்தப்ப, வெயில்ல காய்ஞ்சு, உக்காந்த இடத்துலயே வேட்டியை நனைச்சுக்கிட்டு, சின்னப் பையன் மாதிரி அழுதுக்கிட்டு இருந்திருக்கார்.

ஆஸ்பத்திரியில எல்லாப் படமும் எடுத்துப் பார்த்தாங்க. எல்லாம் நார்மல். ஒரு பிரச்னையும் இல்லைன்னு அனுப்பிட்டாங்க. நான் பார்க்கப் போனப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு மாமா சொன்னது இதுதான்: "கால்ல வலியே இல்ல மாப்ள. எதை எங்க ஊன்றி எழுந்திருக்கறதுன்னுதான் தெரியல. தரையில கடைசியா எப்ப உக்காந்தேன்னே ஞாபகம் இல்ல."

அதுக்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. பெங்களூர்ல இருந்து பொண்ணு வந்தா. அப்பா தனியா வெளிய போகக் கூடாது, குளிக்கும்போது தாழ்ப்பாள் போடக் கூடாது, மாடி ஏறக் கூடாது. கூடவே இருக்க ஒரு ஆள். எல்லாம் பாசம்தான், யாரைக் குறை சொல்ல? ஆனா வாக்கிங்கும் அதோட நின்னு போச்சு. ஆறே மாசம். பேன்ட் இடுப்புல நிக்காத அளவுக்கு மனுஷன் உருகிட்டார். இப்ப பாத்ரூம் போறதுக்கே "தம்பி"ன்னு அந்த ஆளைக் கூப்பிடறார். முப்பது வருஷம் ஸ்கூலையே ஒத்தைக் குரல்ல கட்டி மேய்ச்சவர்.

இத்தனை வருஷம் நடந்தாரே, அந்த நடை எங்கய்யா போச்சுன்னு நானும் கொஞ்சம் படிச்சுப் பார்த்தேன். விஷயம் இதுதான். தசையில ரெண்டு வகை நார் இருக்கு. ஒண்ணு மெதுவா, ரொம்ப நேரம் உழைக்கறது. சமதளத்துல நடக்க அது போதும். இன்னொண்ணு வேகமா, பலமா சுருங்கறது. எழுந்திருக்க, படி ஏற, கால் இடறினா சட்டுனு அடுத்த காலை முன்னால வெச்சு விழாமத் தப்பிக்க இதுதான் வேணும். வயசானா முதல்ல மெலியறது இந்த ரெண்டாவது வகை. நடையில இதுக்கு வேலையே வர்றதில்லை. வேலை கொடுக்காத ஆளை உடம்பு பட்டியல்ல வெச்சுச் சம்பளம் கொடுக்காது. (பேங்க்ல இருந்தவன் புத்தி, உதாரணம் இப்படித்தான் வரும்.) ஆகவே ஒருத்தர் அருமையா நடந்துக்கிட்டே இருக்கலாம், அதே சமயம் எழுந்திருக்கற பலம் சத்தமில்லாமக் காலியாகிட்டே இருக்கலாம். விழுந்தாத்தான் கணக்குல குறையறது தெரியும்.

பிரேசில்ல கிளாடியோ அராவ்ஜோன்னு ஒரு டாக்டர். அவரும் கூட இருந்தவங்களும் 51லிருந்து 80 வயசு வரைக்குமான 2,002 பேரைத் தரையில உக்கார வெச்சு எழுந்திருக்கச் சொன்னாங்க. உக்கார அஞ்சு மார்க், எழ அஞ்சு மார்க். கை ஊன்றினா ஒரு மார்க் கட், முட்டி ஊன்றினா ஒரு மார்க் கட், தள்ளாடினா அரை மார்க் கட். 2012ல முடிவை வெளியிட்டாங்க. மார்க் குறைஞ்சவங்க அடுத்து வந்த வருஷங்கள்ல அதிகமா இறந்து போயிருந்தாங்க. இதைப் படிச்சுட்டுத் தரையில உக்காந்து எழுந்தா ஆயுசு கூடும்னு வாட்ஸப்ல தட்டி விட்டுடாதீங்க. அவங்க அப்படிச் சொல்லலை. எழ முடியாம இருக்கறது உடம்புக்குள்ள பல விஷயம் சரியில்லைங்கறதுக்கு அடையாளம், அவ்வளவுதான். ஆனா அது எவ்வளவு பெரிய அடையாளம் பாருங்க!

வேடிக்கை என்னன்னா, இந்தப் பரீட்சையில நம்ம ஊர் ஆளுங்கதான் முதல் மார்க் வாங்கியிருக்கணும். எங்க பாட்டி காலத்துல சோறு தரையில, தூக்கம் பாயில, அரைக்கறது ஆட்டுக்கல்லுல, அரியறது அரிவாள்மணையில, கக்கூஸ் குத்த வெச்சு. ஒரு நாளைக்கு நாப்பது அம்பது தடவை தரைக்கும் ஆகாயத்துக்கும் போய் வந்திருப்பாங்க. யாரும் அதை எக்சர்சைஸ்னு சொல்லலை. இப்ப நம்ம வீட்டைப் பாருங்க. டைனிங் டேபிள், சோஃபா, உயரமான கட்டில், வெஸ்டர்ன் டாய்லெட், கிச்சன் மேடை. கோயில்ல பிளாஸ்டிக் நாற்காலி. கல்யாணத்துல டேபிள் பந்தி. ஒரு நாள் முழுக்க முட்டி தொண்ணூறு டிகிரிக்கு மேல மடங்க வேண்டிய அவசியமே இல்லாம வாழ்க்கையை ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கோம். பழைய காலமே நல்லதுன்னு பாட்டுப் பாட வரலை. ஆட்டுக்கல்லுல அரைச்சு இடுப்பு ஒடிஞ்ச பாட்டியும் எங்க பாட்டிதான். கிரைண்டர் வந்தது அவங்களுக்கு விடுதலை. ஆனா கிரைண்டர் எடுத்துக்கிட்ட வேலைக்குப் பதிலா வேற எதையாச்சும் கொடுக்கணுமே, அதை நாம யோசிக்கவே இல்லை.

அதுல ரிட்டயர்மென்ட் சேர்ந்துக்கிட்டா கேட்கவே வேண்டாம். வேலைக்குப் போனப்ப நமக்கே தெரியாம உடம்பு ஆடிக்கிட்டு இருந்தது. பஸ்ஸுக்கு ஓட்டம், ஆபீஸ் படி, மேனேஜர் ரூமுக்கு நடை, மதியம் டீக்கடைக்கு நடை. இதெல்லாம் சம்பளத்தோட சேர்ந்து வந்த படி. (அலவன்ஸைச் சொன்னேன் :-) மாடிப்படின்னு வெச்சுக்கிட்டாலும் தப்பில்லை.) ரிட்டயர் ஆன மறுநாளே மொத்தமா கட்.

லண்டன்ல ஜெர்ரி மோரிஸ்னு ஒரு டாக்டர் 1953ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார். டபுள் டெக்கர் பஸ்ல ஒரே கம்பெனி, ஒரே மாதிரி ஆளுங்க, ஆனா உக்காந்தே இருக்கற டிரைவருக்கு வர்ற மாரடைப்பு, நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கற கண்டக்டருக்குக் குறைவா வந்தது. உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் உண்டுன்னு உலகத்துக்குப் புரிய ஆரம்பிச்சது அங்க இருந்துதான். அந்த மனுஷன் அதோட விடலை. யூனிஃபார்ம் தைச்ச கணக்கை வாங்கிப் பார்த்தார். டிரைவருங்க பேன்ட் இடுப்பளவு ஆரம்பத்துல இருந்தே கொஞ்சம் பெருசு. அப்ப வேலை மட்டுமே காரணமான்னு அவரே கேள்வி எழுப்பினார். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சியாளர். 2009ல இறந்தப்ப வயசு 99.

இதை எங்க காலனியில இருக்கற ஒரு நண்பர்கிட்ட சொன்னேன். அவரே டவுன் பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். "நெசந்தானுங்க. கூட்டத்துல பின்வாசலுக்கும் முன்வாசலுக்கும் நீந்திட்டே இருந்தப்ப எனக்கு ஒண்ணுமே இல்லீங்க. வீட்டுக்கு வந்து ரெண்டே வருஷம், சுகரும் வந்துருச்சு, தொப்பையும் வந்துருச்சு"ன்னார். இப்ப அவரும் காலையில ஒரு மணி நேரம் வாக்கிங் போறார். மிச்ச நேரம்? நியூஸ் சேனல். அதுக்கப்புறம் சீரியல். "சம்சாரம் பார்க்குதுங்க, நானும் கூட உக்காருவேன்" அப்படிங்கறார். பாத்துட்டுப் போகட்டும், யாரு வேண்டாம்னா? விளம்பரம் வரும்போதாவது எழுந்திருக்கலாமே சாமி.

இன்னொரு கூத்து இந்தப் பத்தாயிரம் அடி. அமெரிக்காவுல இருக்கற மகன் கையில கட்டற வாட்ச் ஒண்ணு அனுப்பியிருப்பான். 10,000 வரலைன்னா அது துடிக்கும், நாமளும் துடிப்போம். ராத்திரி பத்து மணிக்கு 9,400ன்னு காட்டுதுன்னு ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் அலையற ஒருத்தரை எனக்குத் தெரியும். (தங்கமணி என்னைப் பார்க்காதே, நான் அவரில்லை.) இந்த 10,000 எந்த டாக்டரும் கண்டுபிடிச்சது இல்லைங்க. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச கையோட, 1965ல ஒரு ஜப்பான் கம்பெனி அடி எண்ணற கருவி ஒண்ணை விற்பனைக்கு விட்டது. அதுக்கு வெச்ச பேரே "பத்தாயிரம் அடி மீட்டர்"தான். பேரு ஊரெல்லாம் ஒட்டிக்கிச்சு. 2019ல அமெரிக்காவுல, சராசரி 72 வயசுள்ள 16,741 பெண்களை வெச்சுப் பார்த்ததுல, ஒரு நாளைக்கு 2,700 அடி நடக்கறவங்களை விட 4,400 அடி நடக்கறவங்க இறந்து போறது கணிசமாக் குறைஞ்சது. 7,500 தாண்டினதும் அதுக்கு மேல பெருசா லாபம் தெரியலை. ஆக, மிச்சமிருக்கற 2,500 அடிக்கான நேரத்தை வேற உருப்படியான வேலைக்குக் கொடுக்கலாம்னு நான் சொல்றது அவ்வளவு பெரிய தெய்வக் குத்தம் ஒண்ணும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020ல வெளியிட்ட வழிகாட்டியிலயே இது இருக்கு. 65 வயசுக்கு மேல வாரத்துக்கு 150லிருந்து 300 நிமிஷம் நடை மாதிரி மிதமான உழைப்பு. இது எல்லாருக்கும் தெரியும், எல்லா டாக்டரும் சொல்வாங்க. அதுக்குக் கீழயே இன்னும் ரெண்டு வரி இருக்கு, அதைத்தான் யாரும் சொல்றதில்லை: வாரத்துல ரெண்டு நாளாவது தசைக்குப் பலம் கொடுக்கற பயிற்சி, மூணு நாளாவது விழாம நிக்கறதுக்கான சமநிலைப் பயிற்சி. நாம முதல் வரியோட புத்தகத்தை மூடிட்டோம்.

"அறுபது வயசுக்கு மேல தசையாவது, வளர்றதாவது?"ன்னு கேட்பீங்க. 1990ல அமெரிக்காவுல ஒரு முதியோர் இல்லத்துல சுமார் 90 வயசுள்ள பத்து பேருக்குக் கால்ல எடை கட்டித் தூக்கற பயிற்சி எட்டு வாரம் கொடுத்தாங்க. லேசுபாசா இல்லை, கொஞ்சம் கடுமையாவே. கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடிச்சு. அதாவது நூறு இருந்த இடத்துல 274. ரெண்டு பேர் கைத்தடியைத் தூக்கிப் போட்டுட்டாங்க. தொண்ணூறுலயே இதுன்னா அறுபத்தி நாலுல எனக்கு என்ன கேடு?

இதுக்கு நேர் எதிரானதையும் பார்த்துடுவோம். 1966ல டல்லஸ்ல அஞ்சு இளவட்டப் பசங்களை, 20 வயசு, மூணு வாரம் கட்டில்லயே படுக்க வெச்சாங்க. முப்பது வருஷம் கழிச்சு அதே அஞ்சு பேரைக் கூப்பிட்டு அளந்தா, அந்த மூணு வாரப் படுக்கை அவங்க உடம்பை இறக்கின அளவுக்கு முப்பது வருஷ வயசுகூட இறக்கலை! வயசானவங்களுக்கு இன்னும் மோசம். சராசரி 67 வயசு, ஆரோக்கியமான ஆளுங்க, பத்தே நாள் படுக்கையில கால்ல மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை காலி. இது 2007ல வந்த ஆராய்ச்சி. ஒரு வைரல் காய்ச்சல் வந்தா வீட்டுல என்ன பண்றாங்க? "பதினஞ்சு நாள் அசையக் கூடாது." கஞ்சி கட்டிலுக்கே வரும்.

இங்கதான் எனக்குப் பிள்ளைங்க மேல ஒரு செல்லக் கோபம். (பிள்ளைங்க வயசுல இருக்கற பதிவர்கள் கொஞ்சம் காது கொடுங்க.) "இத்தனை வருஷம் உழைச்சீங்க, இனிமே உக்காருங்கப்பா" அப்படின்னு சொல்றீங்களே, அதுல இருக்கற அன்பு புரியுது. ஆனா அப்பா தூக்கப் போன அரிசி மூட்டையை நீங்க பிடுங்கும்போது, மாடியில துணி காயப்போடப் போற அம்மாவைத் தடுக்கும்போது, எங்க ஊட்டியில நாள்ல ஒரு கவளத்தைப் பிடுங்கற மாதிரிதான். முடியாதவங்களைத் தடுங்க, வேண்டாம்னு சொல்லலை. முடியறவங்களை விட்டுடுங்க. பெத்தவங்களுக்கு மசாஜ் சேர் வாங்கித் தர்ற பசங்களைப் பார்த்தா எனக்கு வயிறு கலங்குது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட்டை பத்து நாள் வீட்டுக்கு வரவழைச்சு, விழுந்தா எப்படி எழுந்திருக்கறதுன்னு கத்துக் கொடுக்கச் சொல்லலாம். ஆமாங்க, அதுக்கு ஒரு முறை இருக்கு. ஒருக்களிச்சுப் புரண்டு, கையும் முட்டியுமா குழந்தை மாதிரி தவழ்ந்து, உறுதியான நாற்காலியையோ கட்டில் ஓரத்தையோ பிடிச்சு, பலமான காலை முதல்ல ஊன்றி எழணும். அஞ்சு நிமிஷப் பாடம். மாமாவுக்கு யாரும் சொல்லித் தரலை. விழறதுக்கு முன்னாடி கத்துக்கிட்டாத்தான் பிரயோஜனம். அரசாங்கம் 2021ல இருந்து "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்குது. நல்ல காரியம், மனசாரப் பாராட்டறேன். ஆனா அது பெரும்பாலும் விழுந்த பிறகு வர்ற உதவி. 2023ல "நடப்போம் நலம் பெறுவோம்"னு மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் நடைபாதை ஆரம்பிச்சாங்க. அங்கயும் பாருங்க, நடைதான். அந்தப் பாதை ஓரமா பிடிச்சு நிக்க ஒரு கம்பி, ஏறி இறங்க ரெண்டு படி வெச்சா எவ்வளவு செலவாகிடும்?

ஜிம்முக்குப் போகலாமேன்னா, எங்க ஏரியா ஜிம்முல எட்டிப் பார்த்தேன். காதைக் கிழிக்கற பாட்டு. இருபத்தி ரெண்டு வயசுப் பையன் "அங்கிள், ஆறு மாசப் பேக்கேஜ் போட்டா புரோட்டீன் பவுடர் ஃப்ரீ"ங்கறான். கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன். நல்ல ஜிம்மும் இருக்கும், இல்லைன்னு சொல்லலை. ஆனா நமக்குத் தேவையானது வீட்டுலயே இருக்கு.

பிள்ளையார் இருக்காரே! புலியகுளம் முந்தி விநாயகர் கோயில்ல நின்னு வேடிக்கை பாருங்க. நாம போடற தோப்புக்கரணம் எப்படி இருக்கு? காதைப் பிடிச்சுக்கிட்டு முட்டியை ரெண்டு இஞ்ச் மடக்கி மூணு தடவை ஆடினா ஒரு கரணம் கணக்கு. பிள்ளையாரும் போனாப் போறான் கிழவன்னு விட்டுடறார். அதையே ஒழுங்கா, இடுப்பு முட்டி உயரத்துக்கு இறங்கி, பன்னிரண்டு தடவை போட்டா, அதுதான் ஜிம்முல காசு வாங்கிக்கிட்டுச் சொல்லித் தர்ற ஸ்குவாட். நம்ம ஊர் சிலம்பக் கூடத்துலயும் மல்யுத்தக் களரியிலயும் இதுக்குப் பேரு பஸ்கி. (தோப்புக்கரணம் போட்டா மூளை வளரும்னு வெளிநாட்டுக்காரன் புது நாமகரணம் சூட்டி வித்துக்கிட்டு இருக்கான். மூளை சமாச்சாரத்துக்கு நான் ஜவாப்தாரி இல்லை. தொடைக்கு நான் கியாரண்டி.)

முழுசா இறங்க முடியாதவங்களுக்கு நாற்காலி. கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கிட்டு எழுந்து நில்லுங்க, உக்காருங்க. சுவர் ஓரமா நாற்காலியைப் போட்டுக்கங்க, வழுக்கக் கூடாது. அடுத்தது சுவருல கை வெச்சுத் தண்டால். அப்புறம் ஒரு கையில அஞ்சு கிலோ அரிசிப் பை, நேரா நிமிர்ந்து ஹாலுக்கும் வாசலுக்கும் நடை. பல் விளக்கும்போது வாஷ்பேசினை ஒரு கையால தொட்டுக்கிட்டு ஒத்தைக் கால்ல நிக்கறது. பழகினதும் கையை எடுக்கறது. தண்டச் செலவு ஒரு பைசா இல்லை. சோத்துல குழம்பு ஊத்திச் சாப்பிட்டா மட்டும் தசை வராது. பருப்போ முட்டையோ தயிரோ கொண்டைக்கடலையோ கொஞ்சம் தாராளமா வேணும். வயசானவங்க "எனக்கு ரெண்டு இட்லி போதும்"னு ராத்திரி கையைக் கழுவறது பாராட்டத்தக்க விஷயமே இல்லை. கிட்னி கோளாறு உள்ளவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுட்டுச் செய்யுங்க.

"முட்டி வலிங்க"ன்னு நாலு பேர் எழுந்து நிக்கறது தெரியுது. (நின்னீங்களே, அதுவே நல்லது.) தேய்மான முட்டிக்கு ஓய்வு மருந்து இல்லை. தொடைத் தசையைப் பலமாக்கறதுதான் முதல் வைத்தியம்னு இன்னைக்கு மருத்துவ வழிகாட்டிகளே சொல்லுது. சம்மணம் போட வேண்டாம்னு உங்க டாக்டர் சொல்லியிருந்தா போடாதீங்க. நாற்காலி இருக்கே, அது போதும். வீக்கமும் கடும் வலியும் இருந்தா முதல்ல காட்டிட்டு வாங்க. எழுந்ததும் தலை சுத்தினா அது பிரஷர் மாத்திரையாவோ தூக்க மாத்திரையாவோ இருக்கலாம், அதையும் சொல்லுங்க. பாத்ரூம்ல ஒரு கைப்பிடி மாட்டுங்க. பிளம்பருக்கு அரை மணி நேர வேலை, நம்ம வீட்டுல ரெண்டு வருஷமா ஒத்திப் போடற வேலை.

பெண்கள் விஷயம் தனி. ஆம்பளைங்களுக்குத்தான் ரிட்டயர்மென்ட்டே. தங்கமணி ஸ்கூல் வேலையை விட்டு வந்த மறுநாள் காலையில அஞ்சரைக்கு வழக்கம்போல காபி போட்டா. நான் குடிச்சேன். எங்க கோவை கணபதியில நானம்மாள்னு ஒரு அம்மா இருந்தாங்க. யோகாவுக்காக 2018ல பத்மஸ்ரீ வாங்கி, 2019ல 99 வயசுல மறைஞ்சாங்க. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பாப்பம்மாள், நூறு வயசைத் தாண்டியும் தோட்டத்துல இறங்கினவங்க, 2021ல பத்மஸ்ரீ. ரெண்டு பேர் போட்டோவையும் பார்த்தீங்கன்னா ஒண்ணு தெரியும். ரெண்டு பேரும் குனிஞ்சு நிமிர்றதை நிறுத்தவே இல்லை. அந்த மாதிரி ஆளுங்க ஆயிரத்துல ஒருத்தர்னு எனக்கும் தெரியும். எல்லாரும் நூறு வயசு வாழணும்ங்கறதும் என் ஆசை இல்லை. எனக்கு வேண்டியது ரொம்பச் சின்னது. இருக்கற வரைக்கும் கக்கூஸ் கதவை நானே தாழ்ப்பாள் போட்டுக்கணும், நானே திறந்துக்கிட்டு வெளிய வரணும். பென்ஷன் எவ்வளவு வந்தாலும் வாங்க முடியாத சங்கதி அது.

இப்ப வீட்டுப்பாடம். கை வைக்காத நாற்காலி ஒண்ணு, கடிகாரம் ஒண்ணு. கையை மார்புல கட்டிக்கிட்டு முப்பது செகண்டுல எத்தனை தடவை முழுசா எழுந்து நிக்கறீங்கன்னு எண்ணுங்க. பக்கத்துல ஒரு ஆள் நிக்கட்டும். அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தோட கணக்குப்படி 60-64 வயசுல ஆணுக்கு 14, பெண்ணுக்கு 12. 70-74 வயசுல ஆணுக்கு 12, பெண்ணுக்கு 10. அதுக்குக் கீழ வந்தா விழற வாய்ப்பு அதிகம்னு அர்த்தம். நாளைக்கே ஆரம்பிங்க. நாற்பது வயசுப் பதிவர்கள் வீட்டுல இருக்கற அப்பா அம்மாவை எண்ண வெச்சுட்டு, அப்புறம் நீங்களும் ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாருங்க. சிரிப்பு வராது.

உங்க எண்ணிக்கையைப் பின்னூட்டத்துல போட்டுட்டுப் போங்க. தங்கமணி நேத்து 15. என்னோடதைத் தங்கமணியே பின்னூட்டத்துல வந்து போடுவா, அவளுக்கு அதுல தனி சந்தோஷம் :-)